வெட்டிய ஓரங்கள்

டிசம்பரின் கடைசி ஞாயிறு.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
ரெஜைனா முழுக்கப் புகைபோக்கிகள் நேராக நிற்கின்றன,
அவற்றின் புகையும்.

மடிக்கணினியில் ஓராண்டைத் திறக்கிறேன்.
பதினோராயிரத்து நானூற்று எண்பத்திரண்டு படங்கள்.
வன்தட்டில் இடமில்லை. அழித்தாக வேண்டும்.

கணக்குப் போட்டேன், தொழில் பழக்கம்;
எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில்
இரவெல்லாம் அழுத்தமானியின் முள்ளைப் பார்ப்பவன் நான்.
படத்துக்கு ஆயிரத்தில் ஒரு நொடி என்று வைத்தால்,
வடவொளிக்குத் திறந்துவைத்த இரண்டு இரவுகள் நீங்கலாக,
இந்த வருடம் என் கேமரா கண் விழித்திருந்தது
பதினொன்றரை நொடி.
மிச்சமெல்லாம் இமை.

ஜனவரியில் பனி ஆந்தை.
மண்சாலை ஓரம், வேலிக் கம்பத்தின் மேல்.
எஞ்சினை அணைத்துவிட்டு நாற்பது நிமிடம்.
விரல் மரத்துப்போய்
அழுத்தினேனா இல்லையா என்றே தெரியவில்லை.
அது பறந்த பிறகு கிடைத்தது கம்பம்.
மிகக் கூர்மையான கம்பம்,
ஆணித் துரு வரைக்கும்.
அழிக்க மனம் வரவில்லை.

ஏப்ரலில் ஏரி உடைந்தது.
அந்தச் சத்தம் எந்தப் படத்திலும் இல்லை.

தமயந்தி தோளுக்கு மேலாக எட்டிப் பார்க்கிறாள்:
"முக்குளிப்பானுக்கு முந்நூறு. எனக்கு?"
தேடினேன். ஜூனில் ஒன்று இருந்தது.
அவள் கை மட்டும்,
என் லென்ஸ் மூடியை ஏந்தியபடி.

ஜூலையில் வடக்கே காடு எரிந்தது.
நண்பகல் வானம் பப்பாளிச் சுளை நிறம்.
நிறச் சமநிலையைத் தானியங்கியில் விட்டிருந்தேன்.
கேமரா யோசித்தது,
இப்படியொரு பகல் இருக்க முடியாது என்று முடிவு செய்தது,
வழக்கமான சாம்பல் வானம் ஒன்றைத் தந்தது.
இருமல் மட்டும் திருத்தப்படாமல்
செப்டம்பர் வரை என்னோடு இருந்தது.

கூழைக்கடாக்களை மதுராந்தகத்துக்கு அனுப்பினேன்.
"இதைப் பாக்கவா அவ்வளவு தூரம் போனே?
வேடந்தாங்கல்ல இல்லாததா?" என்றார் அண்ணன்.
நியாயம்தான்.

அழிக்க ஆரம்பித்த பிறகுதான் கண்ணில் பட்டது.
திருத்திய படங்களில் அல்ல, மூலப் படங்களில்.
இடது ஓரம், நாணலுக்குப் பின்னால்
ஒரு நீலக் கோட்டு.
மார்ச்சில் கழுத்துவரை பொத்தான் போட்டு.
மே மாதம் இடுப்பில் கட்டி.
ஜூலைப் புகையில் முகக்கவசத்தோடு.
பத்தொன்பது படங்களில் அதே பெண்.
பத்தொன்பதிலும் வெட்டியவன் நான்,
கூழைக்கடாவுக்கு இடம் போதவில்லை என்று,
இயற்கைப் படத்தில் ஆள் எதற்கு என்று.

பெரிதாக்கினேன். குவியத்துக்கு வெளியே
முகம் ஒரு கோதுமைத் திட்டு.
கழுத்தில் தொலைநோக்கி, கையில் குறிப்பேடு.
எண்ணுகிறாள். கூழைக்கடா இத்தனை,
முக்குளிப்பான் இத்தனை, குஞ்சு இத்தனை.
செப்டம்பர் ஆறு, காலை ஆறு ஐம்பதுக்கு
அந்தத் தொலைநோக்கி நேராக என்னைப் பார்க்கிறது.
குறித்திருப்பாளோ:
சிவப்புத் தொப்பி, ஒன்று.
தனியாக. அசையவில்லை.

அக்டோபர் படங்களில் அவள் இல்லை.
வாத்துகள் கிளம்பிய வாரம் அது.
முழங்கால் வலியாக இருக்கலாம்,
வேலை மாறியிருக்கலாம், வேறு ஏரி பிடித்திருக்கலாம்.
ஓரத்தில் நாணல் மட்டும்,
யாரோ நின்று நின்று சாய்ந்த பக்கமாக.

வெட்டியதையெல்லாம் ஒவ்வொன்றாக மீட்டேன்.
சட்டகம் அகல அகலக் கூழைக்கடா சிறுத்தது.
கரை வந்தது, குப்பைத்தொட்டி வந்தது,
நாயைக் கட்டச் சொல்லும் பலகை வந்தது, நீலம் வந்தது.
படம் கெட்டது.
வஸ்கானா ஏரி அப்படித்தான் இருக்கும்.

இன்றிரவு வேலை. விடிய ஒன்பதாகும்.
பேட்டரி இரண்டையும் சட்டைக்குள்
உடம்புச் சூட்டில் வைத்துக்கொண்டு
நேரே அங்கே போவேன்.
"உறைஞ்ச ஏரியில என்ன பறவை இருக்கும்?"
என்கிறாள் தமயந்தி, கோட்டைத் தேடியபடி.
தானும் வருகிறாளாம்.

இன்று அழித்தது மொத்தம் நான்கு படம்.
இன்னொரு வன்தட்டு வாங்க வேண்டும்.